கடற்பாசியும் நம் தொழுவமும்

திருத்தணி மலையடிவாரத்தில் வைக்கோலை அசைபோடும் மாடு உலகத்தைச் சுடுகிறதென்று விஞ்ஞானிகள் சொல்லுங்கால் நம்மவர் நகைக்கின்றனர். நகைப்பதற்கில்லை. மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்கிருமிகள் உண்டாக்கும் மீதேன் வாயு ஏப்பமாய் வெளிப்படுகிறது. அஃது உடையவன் காசு கொடுத்து வாங்கிய தீவனத்தின் சத்தில் ஒரு பகுதியேயாகும்.

2021-ஆம் வருஷம் காலிபோர்னியா சர்வகலாசாலையார், இறைச்சிக்கென வளர்க்கும் காளைகளுக்கு அஸ்பராகாப்சிஸ் என்னும் செங்கடற்பாசியைச் சிறிதளவு கலந்தூட்டி, அவ்வாயுவை 80 சதவிகிதத்திற்கு மேல் குறைத்ததாக வெளியிட்டனர். ஆனால் அப்பெரும்பலன் தானியம் மிகுந்த தீவனத்திலேயே கிட்டிற்று. உலர்புல் மிகுந்தபோது வெகுவாகக் குறைந்தது. நம் மாடுகளோ வைக்கோல் தின்பவை! அன்றியும், ராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் வேறு ஜாதிப் பாசி. அதனிடம் இப்பலனை எதிர்பார்த்தல் வீண்.

பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடைப் போஷணை ஆராய்ச்சி நிலையத்தார், டானின் மிகுந்த தாவரங்களைக் கொண்டு செய்த ‘ஹரித் தாரா’ 17 முதல் 20 சதவிகிதம் வரை குறைக்குமென்கின்றனர். எண் சிறிதெனினும் நமக்குக் கைக்கெட்டுவது அதுவே.

2019 கணக்குப்படி 19 கோடிக்கு மேல் மாடுகளையுடைய நம் தேசம், 2021-இல் கிளாஸ்கோ மகாநாட்டில் எழுந்த மீதேன் உறுதிமொழியில் சேரவில்லை. அதனை யாம் குறைகூறோம். இரண்டு மாடு வைத்து ஜீவிப்பவன்மீது செலவைச் சுமத்தாமல், பால் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக அரசாங்கச் செலவிலேயே இத்தாலுகாவில் அதனை ஊட்டி, பால் எத்தனை படி கூடிற்றென்று அளந்து காட்டட்டும்.