பாக்கெட் மட்டும் போதுமா?

டி.வி.யில் நாப்கின் விளம்பரம் வந்தால் என் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நாங்கள் தரையைப் பார்த்துக் கொண்டிருப்போம். அதில் ஏன் நீல மையை ஊற்றுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை. இப்போது விளம்பரமே வேறு மாதிரி. ஐந்தில் ஒரு பெண் பிள்ளை மாதவிலக்கால் படிப்பை நிறுத்துகிறாள் என்று 2020-லிருந்து விஸ்பர் விளம்பரங்கள் சொல்கின்றன. வாங்குகிற நமக்கும் ஏதோ தர்மம் செய்த திருப்தி.

நல்ல காரியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, சகோதரிகளே. துணியோடு மல்லுக்கட்டியவள்தான் நானும். ஆனால் கொடுக்கிற விதம் ஒன்று இருக்கிறதே! என் மகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, பேனர் கட்டி, பெண் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பாக்கெட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். "என்னடி சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன். "கம்பெனி பேரைத்தாம்மா திருப்பித் திருப்பிச் சொன்னாங்க" என்றாள். ஒரு மாதத்துக்கே காணாத பாக்கெட் அது. தீர்ந்ததும் பிள்ளை கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பாள்? இது தர்மமா, வியாபாரமா?

தமிழக அரசு 2012-லேயே 'புது யுகம்' திட்டத்தில், கிராமத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ள பெண்களுக்கு இலவச நாப்கின் தர ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு நாப்கின் உள்ள பாக்கெட் 3. மாதத்துக்கு 9 என்று கணக்கு. ஐந்து நாளைக்கு அது எங்கே காணும்?

நேபாளத்தில் பள்ளி மாணவிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. சில பிள்ளைகளுக்கு மட்டும் மாதவிலக்குக் கப் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதவிலக்கால் அந்தப் பிள்ளைகள் லீவு போட்டது வருடத்துக்கு அரை நாள்கூட இல்லையாம். கப் கொடுத்த பிறகும் வருகை கூடவில்லையாம். எங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய இரண்டு பிள்ளைகளும் நாப்கின் இல்லாமல் நிற்கவில்லை. "வயசுக்கு வந்தாச்சு, இனி எதுக்குப் பள்ளிக்கூடம்" என்று பெரியவர்கள்தான் நிறுத்தினார்கள்.

அந்தச் சடங்கை மட்டும் சும்மா செய்வோமா? சிவகாசியில் பத்திரிகை அடித்து, மைக்செட் கட்டி, தாய்மாமன் சீரோடு ஊரைக் கூட்டுவோம். அடுத்த மாதத்திலிருந்து மூச்சு விடக் கூடாது! பக்கத்து மதுரை மாவட்டத்தில், டி.கல்லுப்பட்டி பக்கம் கூவலப்புரத்தில், 'முட்டுத்துறை' என்று ஒரு கட்டடத்தில் தூரமான பெண்கள் தனியாகத் தங்குவதைப் பற்றி 2020 வாக்கில் செய்தி வந்தது. ஐயோ பாவம் என்றோம். நம் வீட்டில் என்ன வாழ்கிறது? இந்தக் கந்தக பூமியில் வெயிலுக்கா பஞ்சம்? நல்ல வெயிலில் காய்ந்தால்தான் துணியில் கிருமி இருக்காது. நாமோ பாவாடைக்கு அடியில் ஒளித்து அல்லவா காயப் போடுகிறோம்!

என் மதினி சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போகிறாள். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. செய்கிற வேலைக்குத் தக்கபடி கூலி, அதனால் எழுந்து போனால் காசு குறையும். கக்கூஸில் தண்ணீர் இருந்தால் தொட்டி இல்லை. மாற்றிய நாப்கினைப் பாலிதீன் பையில் முடிந்து, தூக்குச்சட்டி வைக்கிற கூடையிலேயே வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். வெயில் காலத்தில் தொடையெல்லாம் புண். "பாக்கெட்டுக்கு என்ன மதினி, நானே காசு கொடுத்து வாங்கிக்கிறேன். தூக்கிப் போட ஒரு இடம் வேணும்ல" என்கிறாள்.

கோவை முருகானந்தம் தன் மனைவி பழந்துணி படும் பாட்டைப் பார்த்து, குறைந்த விலையில் நாப்கின் செய்யும் மெஷினைக் கண்டுபிடித்தார். 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எனக்குப் பிடித்தது, அந்த மெஷினைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்ததுதான்.

எங்கள் குழுவுக்கு மெஷின் வாங்க வசதியில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பள்ளிக் கழிப்பறைக்கு மூடி போட்ட இரண்டு தொட்டி வாங்கிக் கொடுத்தோம். அதைத் தினமும் எடுத்துக் கொட்டுவது யார் என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்.