பப்பாளியைக் காத்த குளவியும் தானியத்தைக் காக்கும் குழாயும்

2008ஆம் ஆண்டு கோவைப் பகுதிப் பப்பாளித் தோட்டங்களில், வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு பூச்சி பரவியது. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. மரவள்ளி, மல்பெரி, பருத்தியையும் விடவில்லை. உடல்மேல் மெழுகு படிந்திருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. மருந்து அடித்தே கடன்பட்ட விவசாயிகள் சிலர் மரங்களை வெட்டி எறிந்தனர்.

குளவி வந்தது

2010இல் பெங்களூரு மத்திய அரசு ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் அவற்றைப் பெருக்கினர். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியை விட்டு, பெருகியதைத் தோட்டங்களுக்குக் கொடுத்தனர். கொசுவைவிடச் சிறிய இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கக்கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவிதான். இதைக் கடைப்பிடித்த இடங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது.

நெல்லும் குழாயும்

அதே வளாகத்தில் 1912 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. பூவில் உள்ள மகரந்தப் பைகளை நீக்கி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, பல தலைமுறை விதைத்துத் தேர்ந்தெடுத்தால்தான் ஒரு ரகம் உருவாகும். விஞ்ஞானியுடன் சேற்றில் நின்று நாற்று நடும் தொழிலாளியின் உழைப்பும் அதில் உண்டு. 2013இல் வெளிவந்த கோ 51 அப்படிக் கிடைத்தது. வயது 105 முதல் 110 நாள்.

இன்னொரு குழுவினர் வீட்டுத் தானியத்தைப் பார்த்தனர். துளையிட்ட குழாய் ஒன்றைச் செய்தனர். அதைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடிவரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் விழும். மருந்து தேவையில்லை. வாரம் ஒருமுறை எடுத்துக் கொட்டினால் போதும்.

கேட்டால் கிடைக்கும்

விதை, பூச்சி, சேமிப்பு என ஒவ்வொன்றுக்கும் அங்கே தனித்தனி ஆள் உண்டு. கோவை வரை போக இயலாதவர்கள் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போகும்போது பாதித்த இலை, காய்களைக் காகித உறையில் எடுத்துச் செல்லுங்கள். ரகம், பயிரின் வயது, இதுவரை அடித்த மருந்து ஆகியவற்றையும் எழுதிக் கொண்டுபோனால், சரியான பதில் விரைவில் கிடைக்கும்.