பாதிக் காற்றில் காவல்

கொதிக்கும் நீரில் அரிசியைப் போட்டால் சோறாகிவிடும். இது நாம் அன்றாடம் காண்பது. ஆனால் நீர் தளதளவென்று கொதித்தும் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நம் படைவீரர்கள் ஆண்டு முழுவதும் காவல் இருக்கிறார்கள். அதுதான் காரகோரம் மலைத்தொடரில் உள்ள சியாச்சின் பனியாறு.

1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை அங்கே நிலைகொண்டது. அதன்பின் இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே பல முறை மோதின. 2003 நவம்பர் போர்நிறுத்தத்துடன் பீரங்கிகள் ஓய்ந்தன, காவல் ஓயவில்லை. இரு தரப்பிலும் குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயரத்தாலும் இறந்தவர்களே அதிகம். காரணம் என்ன?

காவல் நிலைகள் பல 18,000 அடிக்கும் மேலே உள்ளன. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே நீர் சுமார் 82 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூட்டில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. பிரஷர் குக்கர் வேண்டும். குடிநீருக்கோ பனியை மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும்.

காற்றழுத்தம் பாதியானால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான் அல்லவா? உடல் இதற்கு ஈடுகொடுக்க முயல்கிறது. மூச்சு வேகமாகிறது; இதயம் விரைந்து துடிக்கிறது; நாளடைவில் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அவசரப்பட்டு மேலே ஏறினால், திடகாத்திரமான இளைஞனுக்கும் நுரையீரலில் நீர் கோத்து உயிர் போகலாம். இதை உலகுக்கு விளக்கியதில் நம் படை மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மலைக்கு விரைந்து அனுப்பப்பட்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து இந்தர் சிங்கும் குழுவினரும் 1969இல் முடிவுகளை வெளியிட்டனர். இன்று வீரர்கள் மூன்று கட்டங்களாக, சுமார் இரண்டு வாரம் உடலைப் பழக்கிய பிறகே மேலே செல்கிறார்கள்.

அப்படியும் நோய் கண்டால் உடனே கீழே இறக்க வேண்டும். வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் வர முடியாவிட்டால்? நோயாளியைக் காற்றுப் புகாத பையில் படுக்கவைத்து, பம்பினால் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். படுத்த இடத்திலேயே அவர் பல ஆயிரம் அடி கீழே இறங்கியதற்கு இது சமம்!

குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் இறங்கும். வெறும் விரலால் துப்பாக்கியைத் தொட்டால் உலோகம் உடற்சூட்டை உறிஞ்ச, தோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வியர்வையும் பகைதான், கையுறைக்குள் வியர்த்தால் அது பனிக்கட்டியாகி விரலைக் கெடுக்கும். ஆகவே எந்த வேலையையும் நிதானமாகவே செய்ய வேண்டும். புதுப்பனி மூடிய பிளவுகளில் விழாதிருக்க, ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள்.

இத்தனை எச்சரிக்கையையும் மலை சில வேளை மீறிவிடுகிறது. 2012 ஏப்ரலில் கயாரி என்னுமிடத்தில் பனிச்சரிவு பாகிஸ்தான் முகாம் ஒன்றை மூடியது. 140 பேர் மாண்டனர். 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் இருந்த காவல் நிலை புதைந்து பத்துப் பேரை இழந்தோம். அவர்களுள் தமிழக இளைஞர்களும் இருந்தனர். ஒருவர் ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. எந்த நாட்டு வீரர் என்று பனி பார்ப்பதில்லை.