செருப்புக்கு உதவும் தோல் மேளத்துக்கு உதவாது!

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் தொழில்தான் நினைவுக்கு வரும். இங்கே பதமாகும் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பூட்ஸுகளாகக் கடல் கடந்து செல்கின்றன.

இங்கே பதனிட்ட தோல் ஒன்றை வாங்கி மிருதங்கத்தில் கட்டினால் என்ன ஆகும்? 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். நாதம் பிறக்காது!

காரணம் என்ன?

மயிரை நீக்கிச் சுத்தம் செய்வது இரண்டு தொழிலிலும் உண்டு. அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. தொழிற்சாலைத் தோல், அந்த நாளில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறியது. இன்று பெரும்பாலும் குரோமிய உப்பில் ஊறுகிறது. அதனால் மிருதுவாகிறது; நனைந்தாலும் எளிதில் அழுகாது. மேளத் தோலுக்கோ இந்தப் பதனிடுதல் கிடையாது. இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத் தோல் அது. விறைப்பாக நிற்பதால்தான் ஒலிக்கிறது. ஈரக் காற்றுப் பட்டால் தளர்ந்துவிடும். பறையை நெருப்பில் காய்ச்சி அடிப்பது இதற்காகத்தான்.

கையே அளவுகோல்

மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். எந்தத் தோல் எந்த இடத்துக்கு, எவ்வளவு கனம் என்பதை விரலால் தடவியே முடிவு செய்கிறார்கள். வலந்தலையில் உள்ள கருப்பு வட்டம் கிட்டக்கல் பொடியும் சோறும் சேர்ந்த கலவை. அதைச் சிறிது சிறிதாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். ஒரு படலம் பிசகினால் சுருதி கெட்டுவிடும்.

பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் புகழாத ரசிகர் இல்லை. அவருடைய மிருதங்கங்களைச் செய்த பர்லாந்தை எத்தனை பேர் அறிவார்கள்? அவரைப் போன்ற தொழிலாளர் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதி 2020-ல் வெளியிட்டார். தோலைத் தொடுகிறவரை ஒதுக்கி வைத்த சமூகம், அந்தத் தோலில் எழுந்த நாதத்தை மட்டும் மேடையில் ஏற்றியதை அந்நூல் எடுத்துக் காட்டுகிறது.

அடிக்க ஆள் உண்டு, கட்ட?

பறைக்கு இன்று நல்ல காலம் பிறந்திருக்கிறது. மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவர்களும் பெண்களும் ஆர்வத்தோடு பறை பயில்கிறார்கள். ஆனால் கட்டையை வளைத்து, தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எத்தனை பேர்? அந்த இடத்தைப் பைபர் பறை பிடித்துக்கொண்டு வருகிறது. காய்ச்ச வேண்டியதில்லை, மழைக்கும் பயமில்லை. ஆனால் தோலின் குரல் அதற்கு இல்லை.

பூட்ஸுத் தோலின் ரகசியங்களை ஆராயச் சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேளம் கட்டும் வித்தையோ பெரும்பாலும் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதுதான். அந்த மகன் மாதச் சம்பளத்தை நாடித் தொழிற்சாலைக்குப் போனால் அவனைக் குறை சொல்ல முடியுமா? குலத்தொழில் என்று கட்டிப்போட்டால் கலை வளராது. எந்த வீட்டுப் பிள்ளையும் விரும்பி வந்து கற்கும்படி, கூலியும் கௌரவமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கச்சேரி அழைப்பிதழில் வாசிப்பவர் பெயருக்குக் கீழே, வாத்தியம் செய்தவர் பெயரையும் அச்சிடலாமே! அதற்குச் செலவு ஒரு வரி மைதான்.