கறுத்தாலும் கெட்டதில்லை

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பழைய வெள்ளை ஒயின் பாட்டிலைப் பார்த்ததும் பலரும் கேட்பது, "வெள்ளை என்கிறீர்கள், டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறதே, கெட்டுப்போயிற்றா?" என்பதுதான்.

எந்த ஒயின் என்பதைப் பொறுத்தது அது. பிரான்சில் போர்தோவுக்குத் தெற்கே சோத்தெர்ன் பகுதியில் ஷத்தோ திக்கெம் என்ற தோட்டம். அங்கே பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையைத் தேடித் தேடிப் பறிக்கிறார்கள். தண்ணீர் வற்றி இனிப்பு கெட்டியாகிவிட்ட பழம். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை தேறினால் அதிகம். அந்த இனிப்பும் புளிப்பும் சேர்ந்துதான் அதை நூறு வருஷம் தாங்க வைக்கின்றன. 1811-ஆம் வருஷத்து பாட்டில் ஒன்று 2011-ல் 75,000 பவுண்டுக்கு விலைபோனது.

புதிதில் வைக்கோல் மஞ்சள், பிறகு தேன் நிறம், கடைசியில் கருப்பட்டிப் பாகு. இனிப்பு ஒயினுக்கு இது வயதின் நிறம். இனிப்பில்லாதது இப்படிக் கறுத்திருந்தால் பெரும்பாலும் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். இனிப்பு ஒயினில் கறுப்புக்குப் பயப்பட வேண்டாம், கலங்கலுக்குப் பயப்படுங்கள்.

அடுத்து மட்டம். கார்க் வழியே ஒயின் வருஷாவருஷம் துளித்துளியாகக் குறையும். நூறு வருஷத்துப் பாட்டிலில் தோள்வரை இறங்கியிருந்தால் நியாயம். கழுத்துவரை ததும்பி நின்றால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். கார்க் மாற்றி நிரப்பினார்களா? யார், எப்போது? அதற்குச் சீட்டு இருக்கிறதா?

பாட்டிலைத் திறக்காமலே வயதைச் சோதிக்கவும் வழி உண்டு. அணுகுண்டு வெடிப்புகளுக்குப் பிறகுதான் சீசியம்-137 காற்றில் கலந்து திராட்சைக்கு வந்தது. அதன் காமா கதிர் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும். 1900 என்று எழுதிய பாட்டிலில் அது தென்பட்டால் கதை முடிந்தது.

அவ்வளவு தூரம் போகாமலும் சில பொய்களைப் பிடிக்கலாம். யாராவது 1964 திக்கெம் விற்க வந்தால் டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அறுவடை நேரத்து மழையில் பழம் வீணாகி, அந்த வருஷம் தோட்டம் திக்கெம் என்ற பெயரில் ஒயினே வெளியிடவில்லை.