பிடி கழன்ற கத்தி சொன்ன பாடம்

நிலாவெளிக் கடையொன்றுக்கு ஒருமுறை ரப்பர் பிடி போட்ட மீன் கத்திகளைக் கொடுத்திருந்தேன். ஒரு மாதத்துக்குள் ரப்பர் கழன்று, பாதிச் சரக்கு திரும்பி வந்தது. முதலும் போனது, பெயரும் கெட்டது. காரணத்தைத் தேடியபோதுதான் விடயம் விளங்கியது.

கடினப் பிளாஸ்டிக்கையும் மென்மையானதையும் ஒரே பொருளில் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தனித்தனியே வார்த்துப் பொருத்துவது. இரண்டாவது, வார்த்த பாகத்தை இன்னோர் அச்சில் வைத்து அதன்மேல் வார்ப்பது. இதற்குச் சாதாரண இயந்திரம் போதும். ஆனால் கூலி கூடும். சிறிய ஓடருக்கு இது நல்லது. மூன்றாவது இரட்டை வார்ப்பு. ஒரே இயந்திரத்தில் இரண்டும் அடுத்தடுத்து வார்க்கப்படும். அச்சு விலை மிக அதிகம். டூத் பிரஷ் போல இலட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்கே கட்டும்.

முறையைவிட முக்கியம் ஜோடி. பொலிப்ரொப்பிலீனில் சூட்டோடு ஒட்டும் ரப்பர் வகை, நைலோனில் ஒட்டாது. நைலோனுக்கென்றே செய்த வகை வேண்டும். இல்லாவிட்டால் துளைவிட்டுப் பூட்டி வார்க்க வேண்டும்.

ஆகவே, வியாபாரிகளே, விலை பேசுமுன் எந்தப் பிளாஸ்டிக், எந்த முறை என்று கேளுங்கள். சாம்பிளைச் சில நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓரத்தை நகத்தால் உரித்துப் பாருங்கள். உரிந்தால் ஓடர் வேண்டாம்.