பாறையைப் பற்றும் ரப்பர்

மலைச் சைக்கிள் ஓட்டுவதில் புதிதாக ஆர்வம் கொண்ட வாசகர் ஒருவர், வறண்ட பாறைத் தடங்களுக்கு எந்த டயரை வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். கடையில் பார்த்த டயர்களில் ஒவ்வொன்றும் தன் ரப்பர்க் கலவையே பாறையை விடாமல் பற்றும் என்றும், அதே சமயம் உருள்வதில் தனக்கு நிகர் வேறில்லை என்றும் அட்டையிலேயே பறைசாற்றுவதாகவும், ஒன்றுக்கு 42 என்றும் மற்றொன்றுக்கு 60 என்றும் குறித்திருக்கும் கடினத்தன்மை எண்ணை மாத்திரம் வைத்துத் தீர்மானித்துவிடலாமா என்பதே தம் சந்தேகம் என்றும் அவர் கூறுகிறார். நியாயமான சந்தேகந்தான். அந்த எண் பொய் சொல்லவில்லை. ஆனால் பாறையின்மேல் ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்று வாசகர் கேட்க, அதுவோ மேசையின்மேல் ரப்பர் எப்படி இருந்தது என்று பதில் சொல்கிறது. இந்த வேற்றுமையை விளங்கிக்கொண்டால் டயர் தேர்வில் பாதி வேலை முடிந்துவிடுவதோடு, ரப்பர் என்னும் பொருளின் மிக ரம்மியமான சுபாவம் ஒன்றும் நமக்குப் புலப்படும்.

வறண்ட பாறைத் தடத்துக்கு உதாரணம் தேடுவோர் பெரும்பாலும் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் என்னும் சிற்றூரை அடுத்துள்ள ஸ்லிக்ராக் தடத்துக்கே வந்து சேர்வார்கள். 1969ல் மோட்டார் சைக்கிள்களுக்கென்று வகுக்கப்பட்டு, பிற்பாடு மலைச் சைக்கிள்காரர்களின் யாத்திரைத் தலமாகிவிட்ட இத்தடத்தில் பாதை என்று வெட்டப்பட்டது பெரும்பாலும் ஏதுமில்லை. வெறும் மணற்கல்லின் முதுகின்மேல் தீட்டிய வெள்ளைக் கோடுகளைத் தொடர்ந்து, பத்து மைல் அளவுக்கு ஏறியும் இறங்கியும் செல்ல வேண்டியதுதான். ஜுராசிக் யுகத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லான அந்த நவாஹோ மணற்கல், தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டு திரண்டு வழவழப்பாகத் தோன்றும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாலோ, ஒவ்வொரு மணல் துகளும் தனித்தனியே தோலை உராயும். இரும்பு லாடம் கட்டிய குதிரைகள் கால் வழுக்கித் தடுமாறிய அந்தச் சரிவுகளில், காற்றடைத்த ரப்பர் டயர், ஓட்டுபவரின் மனம் நம்ப மறுக்கும் செங்குத்திலும் நின்று பிடிக்கிறது. இரும்பு தோற்ற இடத்தில் ரப்பர் வெல்வானேன்?

உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்திராது என்று பள்ளியில் நாம் படித்த விதி லாடத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும். ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்பட்டதன்று. லாடம் பாறையைத் தொடுவது சில துகள்களின் உச்சிகளில் மாத்திரமே. ரப்பரோ துகள்களுக்கிடையே உள்ள பள்ளங்களில் இறங்கி, அவற்றின் பக்கங்களைத் தழுவிக்கொள்கிறது. தழுவிய இடத்தில் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் கல்லோடு நேரடியாக ஒட்டுவது பிடிப்பின் ஓர் அம்சம். மற்றோர் அம்சம் இன்னும் நுட்பமானது. டயர் சறுக்க முற்படும்போது ஒவ்வொரு மணல் துகளும் ரப்பருக்குள் ஒரு குழியை உழுதுகொண்டு போகிறது. துகளின் முன்புறத்தில் ரப்பர் மோதி அழுத்துகிறது. குழியின் பின்புறத்தில், அமுங்கிய ரப்பர் மீண்டெழுந்து துகளை முன்னோக்கித் தள்ளவேண்டும். ரப்பர் அந்தக் கணமே மீளுமானால் முன்னழுத்தமும் பின்தள்ளலும் சரிக்குச் சரியாகி, சறுக்கலுக்குத் தடையே இராது. மீள்வதில் அது தாமதிப்பதால்தான் முன்புறத்து அழுத்தம் ஈடு செய்யப்படாமல் எஞ்சி நின்று, பிடிப்பாகிறது. அந்தத் தாமதத்தில் செலவான சக்தி உஷ்ணமாகக் கழிகிறது. சுருங்கச் சொன்னால், மோவாப் சரிவில் மனிதரைத் தாங்கி நிற்பதில் ரப்பரின் சோம்பலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தச் சோம்பலைக் கண்ணாரக் காண விரும்புவோர் பரோட்டாக் கடைக்குப் போகலாம். எண்ணெய் ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து, ஈரத்துணி மூடி ஊறவைத்த மைதா மாவில் விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மறையாது. நிதானமாக, பாதி மனத்தோடு மேலெழும். இப்போதுதான் பிசைந்த மாவோ அழுத்திய விரலையே தள்ளிவிடும். ஊறிய மாவை மெல்ல இழுத்தால் அது முழ நீளத்துக்கு இணங்கி வரும். வெடுக்கென்று இழுத்தால் கல்நெஞ்சோடு அறுந்துபோகும். மாவு ஒன்றே, இழுக்கும் வேகம் மாறும்போது அதன் குணமும் மாறிவிடுகிறது. அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால், மெல்ல இழுக்கும்போதுகூட வெடுக்கென்று இழுத்ததைப் போலவே முரண்டு பிடிக்கும். மாவில் எண்ணெய் சேர்ப்பதைப் போல ரப்பரிலும் எண்ணெய் சேர்க்கிறார்கள். ஊறும் நேரத்தைக் கணக்கிடும் மாஸ்டரைப் போல, ரப்பர்க் கலவை செய்யும் ரசாயன நிபுணரும், எவ்வளவு வேகத்தில் அழுத்தினால் எவ்வளவு நேரம் கழித்து மீளவேண்டும் என்பதைத்தான் நிர்ணயிக்கிறார். இன்னும் ஒரு படி போனால், கெட்டி மாவை அடியிலும் இளக்கமான மாவை மேலும் வைத்து அடுக்குவதைப் போல, ஒரே டயரில் மூன்று கலவைகளை வைக்கும் வழக்கமும் உண்டு: மேக்ஸிஸ் நிறுவனத்தின் '3சி' டயர்களில் அடித்தளம் கெட்டியாகவும், நடுப்பகுதி அதைவிட மென்மையாகவும், ஓரத்துப் பட்டன்கள், அதாவது டயரின்மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள், எல்லாவற்றிலும் மென்மையாகவும் அமைகின்றன.

இனி வாசகர் குறிப்பிட்ட எண்ணுக்கு வருவோம். ஷோர் அளவு எனப்படும் அந்த எண், ஒரு சிறு முனையை ரப்பரில் அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறது என்று கண்டறிவதால் கிடைப்பது. அளக்கும் காலம் ஏறத்தாழ ஒரு வினாடி. பாறைமேல் நிகழ்வதோ வேறு தாளகதி. மணல் துகள் ஒன்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்றும், பிரேக் பிடிக்கும்போது பட்டன் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சறுக்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், ரப்பர் வினாடிக்கு 5000 முறை அமுங்கி மீள வேண்டியிருக்கிறது. துகளின் மேலுள்ள இன்னும் நுண்ணிய மேடுபள்ளங்களைக் கணக்கில் கொண்டால் இது பன்மடங்காகும். ஒரு வினாடியில் மென்மையாகத் தோன்றும் ரப்பர், வினாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த எண் அறியாது. ஆகவே, 50 என்று குறித்த இரண்டு டயர்களில் ஒன்று பாறையைக் கவ்வுவதும் மற்றொன்று துள்ளி நழுவுவதும் முற்றிலும் சாத்தியமே. கடையில் செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு: ஓரத்துப் பட்டன் ஒன்றைப் பெருவிரலால் பக்கவாட்டில் மடக்கிச் சட்டென்று விடுங்கள், டக்கென்று நிமிர்வது வேகத்துக்கான ரப்பர், எழ மனமில்லாமல் மெல்ல நிமிர்வது பிடிப்புக்கான ரப்பர். இதுவும் மந்தகதிப் பரிசோதனைதான் என்றாலும், மீளும் தாமதத்தையே அது காட்டுவதால், எண்ணைவிட உண்மைக்கு ஒரு படி அருகில் இருக்கிறது.

வேகமும் உஷ்ணமும் ரப்பருக்கு ஒன்றுக்கொன்று மாற்றானவை. அழுத்தும் காலம் குறுகுவதும் குளிர் கூடுவதும் அதற்கு ஒரே அனுபவம். இதற்கான சமன்பாட்டை வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி என்னும் மூவர் 1955ல் எழுதினார்கள். 1963ல் க்ரோஷ் என்ற ஆராய்ச்சியாளர், ரப்பர்த் துண்டுகளைக் கண்ணாடியின்மேலும் உப்புத்தாளைப் போன்ற சொரசொரப்பான பரப்பின்மேலும் பலவித வேகங்களிலும் பலவித உஷ்ணநிலைகளிலும் இழுத்து அளந்து, அந்த அளவுகள் யாவும் அச்சமன்பாட்டின்படி நகர்ந்து ஒரே வளைகோட்டில் வந்து விழுவதைக் காட்டினார். அவர் செய்த மற்றொரு காரியம் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. சொரசொரப்பான பரப்பின்மேல் மெக்னீசியா தூளைத் தூவி அளந்தபோது, மூலக்கூறுகள் ஒட்டுவதால் வந்த பிடிப்பு மறைந்து, ரப்பர் உருமாறுவதால் வரும் பிடிப்பு மாத்திரமே எஞ்சியது. சப்பாத்திப் பலகையில் உலர்மாவு தூவுவதன் தத்துவமும் இதுவே. வறண்ட தடத்தில் பாறைமேல் படிந்த தூசியும் சரளையும் நமக்குச் செய்யும் துரோகமும் இதுவே. வெறும் பாறையில் சுகமாக நின்ற டயர், அதே பாறையில் ஒரு பிடி மணல் சிதறிக் கிடக்கும் வளைவில் கைவிடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பிடிப்பைத் தரும் அதே சோம்பலில்தான் விளம்பரங்களின் வாக்குறுதி இடறுகிறது. சக்கரம் உருளும்போதும் ஒவ்வொரு பட்டனும் தரையில் அமுங்கி மீள்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதற்காகும் நேரம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் நூறில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டது. அப்போதும் ரப்பர் சோம்பினால், அந்த நஷ்டத்தை ஓட்டுபவரின் தொடைகள் ஈடுகட்ட வேண்டும். நூறில் ஒரு பங்கு வினாடியில் சுறுசுறுப்பாகவும், ஐயாயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் சோம்பலாகவும் இருக்கும் கலவையே லட்சியம். கரிப்பொடிக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்து, கார் டயர்த் தொழில் 1990களில் இத்திசையில் மெய்யான முன்னேற்றம் கண்டது. சைக்கிள் டயரும் அதில் பங்கு பெற்றிருக்கிறது. எனினும் இவ்விரண்டு காலங்களும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லாததால், ஒன்றில் கூட்டினால் மற்றொன்றிலும் ஓரளவு கூடியே தீரும். ஷ்வால்பே நிறுவனம் 2017ல் தன் கலவைகளை ஊதா, ஆரஞ்சு, நீலம், சிவப்பு என்று நான்கு வண்ணக் கோடுகளால் பிரித்துக் காட்டியதே, எல்லாவற்றுக்கும் ஒரே கலவை போதாது என்பதற்கு உற்பத்தியாளர் தரப்புச் சாட்சியம்.

சரித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கியது 1839. தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1845. அதை அறியாத டன்லப் மீண்டும் கண்டுபிடித்தது 1888. கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், பழைய பருமன் டயர்ச் சைக்கிள்களோடு இளைஞர் சிலர் 1976ல் ரீபேக் என்னும் மலைப்பாதையில் இறங்குமுகப் பந்தயம் தொடங்கியதிலிருந்து மலைச் சைக்கிள் விளையாட்டின் கதை ஆரம்பமாகிறது. 1999ல் டியூப் இல்லாத டயர் இதில் புகுந்தது. டயர் தேர்வுக்கு இவ்வளவு போதும்.

இப்போது வாசகரின் தேர்வுக்கு வருவோம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முன்சக்கரம் நழுவினால் ஓட்டுபவர் விழுவது பெரும்பாலும் நிச்சயம். பின்சக்கரம் நழுவினால் பல சமயம் சமாளித்துக்கொள்ளலாம். அன்றியும் எடையின் பெரும்பகுதி பின்னால் இருப்பதால், உருள்வதில் வரும் நஷ்டமும் தேய்மானமும் அங்கேதான் அதிகம். ஆகவே மென்மையான, சோம்பலான ரப்பர் முன்னாலும், கெட்டியான ரப்பர் பின்னாலும் இருப்பதே விவேகம். பட்டன்களின் அமைப்பிலும் இதே நிதானம் வேண்டும். ஈரமண்ணுக்கான உயர்ந்த, இடைவெளி மிகுந்த பட்டன்கள் பாறைமேல் நிற்கும்போது சாய்ந்து நெளிகின்றன. தொடும் ரப்பரின் அளவும் குறைகிறது. பின்னால் தாழ்ந்து நெருங்கிய நடுப் பட்டன்களும், முன்னால் நடுத்தர உயரமும் அடித்தளம் அகன்ற உறுதியான ஓரப் பட்டன்களும் கொண்ட டயர் வறண்ட தடத்துக்கு ஏற்றது; தூசி படிந்த வளைவில் ஒட்டும் பிடிப்பு மறைந்தபின், அந்த ஓரப் பட்டன்களின் விளிம்புகள்தாம் சரளையைக் கீறி அடியிலுள்ள கெட்டித் தரையை எட்டுகின்றன.

ரப்பரின் அழகில் மயங்கி, அதைத் தாங்கும் நூலிழைக் கூட்டை மறந்துவிடலாகாது. பாறைத் தடத்தில் டயர் சாவது பெரும்பாலும் தேய்மானத்தால் அன்று, பக்கச்சுவர் கிழிவதாலேயே. அங்குலத்துக்கு 120 இழை என்று பெருமையாக அச்சிட்டிருப்பது, இழைகள் மெல்லியவை, கூடு நன்றாக வளையும் என்பதற்கு அடையாளமேயன்றி வலிமைக்கு அத்தாட்சியன்று. கூர்ங்கல்லுக்கு எதிராக, 60 இழையுள்ள தடித்த கூடோ, பக்கச்சுவரில் கூடுதல் படலம் வைத்த கூடோதான் உதவும். அதனால் டயருக்கு இருநூறு முந்நூறு கிராம் கூடுமானால், கூடட்டும். டியூப் உள்ள டயரில், கல்விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி டியூபில் இரட்டைத் துளை விழுவது இத்தகைய தடங்களின் நித்திய வியாதி. டியூபை அகற்றி உள்ளே ரப்பர்ப்பால் திரவம் ஊற்றுவதால் அந்த வியாதி தீர்வதோடு, சிறு துளைகள் தாமே அடைபடுகின்றன.

டியூபை அகற்றுவதன் மேலான லாபம் காற்றழுத்தத்தைக் குறைக்க முடிவதுதான். பின்சக்கரத்தின்மேல் 110 பவுண்டு எடை இருப்பதாகக் கொண்டால், சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு மூன்று சதுர அங்குலத்துக்கும் குறைவு; 24 பவுண்டில் அது நாலரையைத் தாண்டுகிறது. பரப்பு விரிவது பாதி நன்மையே. இறுகிய டயர் கல்லுக்குக் கல் எகிறும்போது சைக்கிளையும் மனிதரையும் சேர்த்துத் தூக்குகிறது, அந்தச் சக்தி அவ்வளவும் வீண். தளர்ந்த டயர் கல்லை விழுங்கிக் கடந்துவிடுகிறது. எனவேதான் கரடுமுரடான தடத்தில், தார்ச்சாலை அனுபவத்துக்கு மாறாக, குறைந்த காற்றே வேகமும் தருகிறது. 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டியூப் இல்லாத டயரில் முன்னால் 21, பின்னால் 24 பவுண்டு என்று தொடங்கி, ரிம் கல்லில் இடிக்குமானால் ஒரு பவுண்டு கூட்டியும், டயர் துள்ளுமானால் ஒரு பவுண்டு குறைத்தும் தமக்குரிய அளவைக் கண்டுகொள்ளலாம்.

ஆகவே கையில் உள்ள பணத்தை முதலில் ஒரு பவுண்டு வித்தியாசத்தையும் காட்டும் நல்ல காற்றளவு மானிக்கும், அடுத்து உறுதியான கூட்டுக்கும், அதன்பின் முன்சக்கரத்தின் மென்மையான ரப்பருக்கும் செலவிடுவது உத்தமம். பின்சக்கரத்துக்குச் சாதாரணக் கலவை போதும். வேகமும் பிடிப்பும் தன்னிடம் ஒருங்கே உச்சத்தில் இருப்பதாக எந்த டயராவது சொல்லிக்கொள்ளுமானால், எந்த வேகத்தில் அழுத்தி, எந்த உஷ்ணத்தில் அளந்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும் வரையில், மடங்கி நிமிரும் அந்தப் பட்டனையும் உங்கள் பெருவிரலையும் நம்புவதே மேல்.